பதினைந்து படுக்கையும் ஒரு விளக்கும்

(பக்கவாதம் வந்த முதியவர்களின் பின்னாட்கள் பற்றித் திருமுக்கூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள், மாட்டைக் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் வீட்டில் படுத்திருப்பவரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவர்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும். ஆகையால் பொன்னாடை, புகழுரை எல்லாவற்றையும் தாண்டி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இயன்முறை மருத்துவன். ஊர்ப்பக்கம் "எக்சர்சைஸ் டாக்டர்" என்பார்கள். பக்கவாதம் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிய பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். ஆகவே நான் பார்ப்பது பதினோராவது நாளிலிருந்துதான். இன்று பேசப்போவதும் அந்தப் பதினோராவது நாளுக்கு அப்பால் உள்ள காலத்தைப் பற்றித்தான்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் இது. ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலாவது இருந்தது என்று சொல்ல நினைத்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் அதற்கும் கையை விரிக்கிறார். சரி. ஆனால் யாரும் அள்ளிக்கொண்டு போகாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டு. பதினோராம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டு. அந்தக் கோயிலில் வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக ஓர் ஆதுலர் சாலை இருந்தது. ஆதுலர் என்றால் நோயாளி. அதன் பெயர் வீரசோழன். படுக்கை பதினைந்து.

இதைச் சொல்லி "பார்த்தீர்களா நம் பெருமையை" என்று கைதட்டு வாங்கிப் போக நான் வரவில்லை. அது ஊர்ப் பொதுமக்களுக்கான ஆஸ்பத்திரியும் இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் செலவுக் கணக்கு. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று வைத்தியர் ஒருவர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும், காசும், நிலமும். அறுவை செய்பவர் ஒருவர், 30 கலம். பச்சிலையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு பேர், 60 கலம். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பெண்கள் இரண்டு பேர், இருவருக்குமாக 30 கலம். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய்க் காசு.

இந்தப் பட்டியலில் வைத்தியர் ஒரே ஒருவர்தான். அவரையும் அறுவை செய்பவரையும் விட்டால் மிச்ச வரிகளெல்லாம் கவனிப்புக்கு. சோறு, தண்ணீர், விறகு, சவரம், விளக்கு, பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் நோயில் விழுந்தால் எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு கைக்கும் கூலி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைக்கு 15 கலம்தான். அது குறைவு, அன்றைக்கே குறைவு என்பதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஆனால் இன்று நம் வீடுகளில் அந்த வேலைக்கு எத்தனை கலம்? மருமகளைக் கேட்டுப் பாருங்கள்.

மருந்துகளின் பெயரும் கல்லில் இருக்கிறது. ஏறக்குறைய இருபது. அதில் ஆமணக்கும் பூண்டும் சேர்ந்த தைலங்கள் உண்டு. வாதத்துக்கு வைத்தியர்கள் இன்றும் எடுக்கிற சரக்குகள். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பக்கவாதம், பாரிச வாயு, ஸ்ட்ரோக் எல்லாம் ஒன்றுதான். வருவது கையிலும் காலிலும் இல்லை, மூளையில். பெரும்பாலோருக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. சிலருக்கு வெடித்துக் கசிகிறது. அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, 108ஐக் கூப்பிடுங்கள். "தூங்கி எழுந்தா சரியாயிடும்", "புறா ரத்தம் தடவலாம்", "எண்ணெய் வைத்தியர்கிட்ட காட்டிட்டுப் போகலாம்" என்று போகிற ஒரு மணி நேரம்தான் பின்னால் வரப்போகிற பத்து வருடத்தை முடிவு செய்கிறது. ஆறு மாதம் கழித்து இறுகிப்போன காலில் இதமாக எண்ணெய் தேய்த்துவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். முதல் நாள் வேண்டாம்.

இனி, எல்லா வீட்டிலும் என்னைத் தாழ்வாரத்துக்குத் தனியாக அழைத்துக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "சார், உண்மையச் சொல்லுங்க. எத்தினி நாளைக்கு?"

உண்மையைச் சொல்கிறேன். முதல் பக்கவாதம் வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த மேலைநாட்டு ஆய்வுகளில், ஐந்து ஆண்டு முடிவில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். வயது கூடக்கூட இந்தக் கணக்கு மோசமாகிறது. முதல் மாதம்தான் மிகக் கடுமையானது. அதைத் தாண்டியவரைப் பின்னாளில் கொண்டுபோவது பல நேரம் பழைய பக்கவாதம் இல்லை. இதயம், நெஞ்சில் சளி கட்டும் நிமோனியா, இன்னொரு பக்கவாதம் இவைதான். ஆனால் இது ஊர்க்கணக்கு. உங்கள் அப்பாவின் கணக்கு இல்லை.

ஒருவர் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் வந்தது. அப்போது வயது 67. சென்னையிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அவர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தேர்தல் நடந்தது, ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுகிற படத்தை ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதலமைச்சரானார். 1967இல் குண்டடி பட்டுக் கெட்டிருந்த பேச்சு, இப்போது இன்னும் மங்கியது. ஆனாலும் 1987 டிசம்பர் 24 வரை, மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார், பதவியிலேயே இருந்தார். "அவருக்கென்ன, எம்.ஜி.ஆர்" என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அவரைச் சுற்றி எத்தனை கைகள் இருந்தன என்பதுதான் கணக்கு. நம் ஊர் நெசவாளிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால்கூடப் படம் மாறும்.

அடுத்த கேள்வி, "பழையபடி ஆவாரா?" இதற்கு ஓரளவு முன்கூட்டியே பதில் சொல்ல முடியும் என்பது பலருக்குத் தெரியாது. நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்த மூன்று நாளுக்குள், விழுந்த கையின் விரலைக் கொஞ்சமாவது நீட்ட முடிகிறதா, தோளைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா? இரண்டும் முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கை ஓரளவு வேலைக்கு வரும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25. காலுக்கும் இப்படித்தான்: பிடிப்பு இல்லாமல் உட்கார முடிகிறதா, காலில் கொஞ்சம் பலம் தெரிகிறதா என்பதைப் பார்த்தாலே தானாக நடப்பாரா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இருபத்தைந்து சதவீதம் என்றால் நாலில் ஒருவர். கையை விடச் சொல்லும் எண் இல்லை அது. ஆனால் அந்த வீட்டில் "மூணு மாசத்துல தறியில உக்கார வெச்சிடலாம்" என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார், பணமும் கேட்பார்.

முன்னேற்றம் எப்போது வரும்? டென்மார்க்கில் கோபன்ஹேகனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 1995இல் எழுதினார்கள்: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தங்களால் முடிந்த அளவு நடையைப் பதினொரு வாரத்துக்குள் எட்டிவிடுகிறார்கள். தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்வதில் பதின்மூன்று வாரத்துக்குள். ஆக, முதல் மூன்று மாதம் தங்கம். நம் வீடுகளில் அந்த மூன்று மாதமும் என்ன நடக்கிறது? "உடம்பு தேறட்டும்" என்று படுக்க வைத்திருக்கிறோம். தேறின பிறகு பயிற்சி என்கிறோம். நீச்சல் பழகின பிறகு தண்ணீரில் இறங்குவேன் என்கிற கதை.

அதற்காக முதல் நாளே தூக்கி நிறுத்தி நடக்க வைக்கவும் கூடாது. அதையும் சோதித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியர்கள் முன்னின்று ஐந்து நாடுகளில் 2,104 பேரை வைத்து நடத்திய ஆய்வு, 2015இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் நீண்ட நேரம், பலமுறை எழுப்பி நடமாட விட்டவர்கள் கொஞ்சம் மோசமாகத்தான் தேறினார்கள். நானே ஒரு காலத்தில் அப்படி விரட்டியவன். நல்லெண்ணத்தில் செய்வதெல்லாம் நல்லதாக முடிவதில்லை என்று அந்த ஆய்வைப் படித்த அன்று ஒப்புக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வேகம் குறையும், அவ்வளவுதான். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு நெசவாளி. அறுபத்தெட்டு வயது. வலது கை, வலது கால். கோர்வைச் சேலை நெய்தவர். பக்கத்தில் கரைக்கு நாடா போட ஓர் ஆள் உட்கார, இவர் குழியில் மிதியை மிதித்துக்கொண்டு நாற்பது வருடம் நெய்தவர். அவர் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "தறிக்குழியில எறங்குவாரா?" இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கால் ஆடுகிறவரைக் குழியில் இறக்கினால் அடுத்தது இடுப்பெலும்புதான் உடையும். அவருக்கு நான் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். இரண்டு நாள் அமுக்கினார், மூன்றாம் நாள் பந்து பேரன் கையில் இருந்தது. பிறகு அந்த அம்மாவே இராட்டையை எடுத்து வந்து முன்னால் வைத்தார். இடது கை சக்கரத்தைச் சுற்ற, வலது கை நூலைப் பிடிக்க வேண்டும், தார் சுற்றுவதற்கு, அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலைச் சுற்றுவதற்கு. முதல் வாரம் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அந்த மனுஷர் வாழ்நாளில் தார் சுற்றியதில்லை. அது வீட்டுப் பெண்கள் வேலை. வெட்கப்பட்டார். கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினார். எட்டாவது மாதம் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பட்டு இழையைப் பிடித்தன. பந்து செய்யாததை நூல் செய்தது. மூளை வேலையைத்தான் கற்றுக்கொள்கிறது, உடற்பயிற்சியை அல்ல.

தறியில் அவர் உட்காரவில்லை. இன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கை கால் மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. கண்ணில் படாத சங்கதிகள்தான் குடும்பங்களை உடைக்கின்றன. ஒரு வீட்டில் மருமகள் சொன்னார்: "மாமா வேணும்னே பண்றாரு சார். பாதி இலையில சாப்பிட்டுட்டு, கூட்டு எங்க, ஊறுகா எங்கன்னு கத்தறாரு." போய்ப் பார்த்தேன். இலையின் வலப்பாதி சுத்தமாகக் காலி. இடப்பாதியில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் வைத்தது வைத்தபடி. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் இப்படி ஆகும். கண் நன்றாகத் தெரியும். ஆனால் இடப்பக்கம் என்று ஒரு பக்கம் உலகில் இருப்பதே மூளைக்குத் தெரியாது. நான் ஒன்றும் செய்யவில்லை, இலையை அரைவட்டம் திருப்பி வைத்தேன். "இப்பத்தான் வெச்சியாம்மா?" என்று சாப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெண் அழுதுவிட்டார். மூன்று மாதமாக அவரைத் திட்டியிருக்கிறார்.

இன்னொருவர் பெருமாள் கோயிலே கதி என்று இருந்தவர். இடப்பக்க மூளையில் அடி, பேச்சு போய்விட்டது. பேரன் பெயர் வரவில்லை, "தண்ணி" வரவில்லை. ஆனால் சாயங்காலம் ரேடியோவில் திருப்பாவை போட்டால் கூடவே சொல்லுவார், வார்த்தை பிசகாமல். வீட்டில் எல்லோரும் "நடிக்கிறார்" என்றார்கள். நடிப்பு இல்லை. பல்லாண்டாக வாயில் ஊறின பாட்டும் ஓதலும் மூளையில் வேறு வழியில் ஓடுகின்றன. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு ராகமாக "தண்-ணீர் வே-ணும்" என்று சொல்லப் பழக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர்கள் செய்வது அதுதான்.

காரணமில்லாமல் அழுவது, சிரிப்பது. எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பது. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு வைத்தியம் உண்டு. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்பது வைத்தியம் இல்லை. முதல் பக்கவாதத்துக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு மறதி நோய் புதிதாக வருகிறது. இரண்டாவது தடவை வந்தால் மூன்றில் ஒருவருக்கு. இரண்டாவது வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஆகப் பெரிய வேலை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பிழைத்தவர்கள் நூறு பேர் என்றால், ஓராண்டில் பதினொரு பேருக்கு மறுபடி வருகிறது. ஐந்தாண்டில் இருபத்தாறு. பத்தாண்டில் முப்பத்தொன்பது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு இது. நான் பார்த்த மறுபக்கவாதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியவை: "பி.பி. நார்மலுக்கு வந்துடுச்சு சார், அதான் மாத்திரைய நிறுத்திட்டோம்." மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல். ரத்த அழுத்த மாத்திரை, அடைப்பு வந்தவருக்கு ரத்தம் உறையாத மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பீடியை விடுவது, உப்பைக் குறைப்பது. இதில் சுவாரசியம் எதுவும் இல்லை, அதனால்தான் யாரும் செய்வதில்லை. நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று ஒருமுறை ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் மருந்தே வேறு.

என் அப்பா விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்கிறேன். எழுபத்தோரு வயதில் அவருக்கு வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், உயிரைக் காப்பாற்றினார்கள், நன்றி. டிஸ்சார்ஜ் அன்று ஒரு பை நிறைய மாத்திரையும், மூன்று நிமிடப் பேச்சும் கிடைத்தது. விழுங்குவது பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் அப்போது ஊரில் இல்லை. அம்மா பாசத்தோடு, படுத்தபடியே இருந்தவருக்கு டம்ளரில் தண்ணீர் ஊட்டினாள். இருமினார். "புரையேறுது" என்று தலையில் தட்டினாள். அது சாதாரணப் புரையில்லை, நுரையீரலுக்குள் போன தண்ணீர். ஒன்பதாம் நாள் நிமோனியா. எனவே இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: முழுக்க நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைக் கொஞ்சம் நெஞ்சுப்பக்கம் சாய்த்து, சின்னக் கரண்டியால். வெறும் தண்ணீர்தான் பலருக்கு ஆபத்து. கெட்டியான கஞ்சி பல நேரம் பத்திரமாக இறங்கும். இருமினால் நிறுத்துங்கள். ஊட்டி முடித்து அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

இதையெல்லாம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். லூதியானா மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்றவர்களில் ஒருவர். பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே தேற்றச் செய்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரை நம்பி இருப்பவர்களும் இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் வந்தது. படித்துவிட்டு ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் அதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருமகள் சோம்பேறி என்று அதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே சமையலும் தாரும் பிள்ளையும் ரேஷன் கடையுமாக இருப்பவளிடம் இன்னொரு உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் கொடுத்தால் அது நடக்காது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வீரராசேந்திரன் காலத்துக் கணக்கனுக்கு இது தெரிந்திருக்கிறது. பச்சிலைக்குத் தனி ஆள், தண்ணீருக்குத் தனி ஆள், பணிவிடைக்குத் தனி ஆள் என்றுதான் அவன் எழுதினான். வைத்தியரின் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று எழுதவில்லை.

அப்படி ஒரு தனிக் கையைக் கேட்டு வாங்க இன்றும் ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், படுக்கையாய்க் கிடப்பவருக்கு ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கு வரும் என்பது பலருக்குத் தெரியாது. கேளுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வாரம் ஒருமுறை வருகிறவர் போதுமா? போதாது. மாதம் ஒருமுறைதான் வருகிறார்கள் என்றால் அதையும் சொல்லிச் சண்டை போடுங்கள். முதல் பதின்மூன்று வாரம் தங்கம் என்றால், அந்தப் பதின்மூன்று வாரத்துக்காவது பழகிய கை ஒன்று அடிக்கடி வீட்டுக்கு வர வேண்டும். ஊரே சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டாலும் சரி. கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிறோமே.

எல்லாம் செய்தும் எழுந்திருக்காதவர்கள் இருக்கிறார்கள். எண்பது வயது, முன்பே நடை தளர்ந்தவர், பெரிய அடி. அங்கே நான் "நடக்க வைக்கிறேன்" என்று போவதில்லை. புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, வலி இல்லாமல் பார்ப்பது, வாரம் ஒருமுறை சவரம். சிரிக்காதீர்கள். சவரம் செய்து கண்ணாடியைக் காட்டினால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். நாவிதருக்கு 15 கலம் ஏன் ஒதுக்கினார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தட்டுத் தடுமாறி நடப்பவர் வீட்டில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். விழுவது பெரும்பாலும் அந்தப் பத்தடியில்தான்.

மணி எட்டாகப் போகிறது. கடைசியாக ஒன்று, பேச்சில் சொல்ல முடியாது, செய்துதான் காட்ட வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு வருடக்கணக்கில் வலி. எங்கே பிடிப்பது என்று காட்டுகிறேன். யாராவது ஒருவர் மேடைக்கு வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஆண்கள் யாராவது வாருங்கள், பெண்களுக்கு இது முன்பே தெரியும். ஆமாம், நீங்கள்தான், நீலச் சட்டை. வலது கையைத் தொங்க விடுங்கள். இப்போது, அது உங்கள் கை இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.